கொம்பன்தீவு வரைபடம்

செப்டம்பர் 6, வெள்ளி

அன்பு நண்பன் சஃபீருக்கு,

நான் நலம். சிறையில் இருப்பவனிடம் நீ நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. கடல் தாண்டி அக்கரையில் நீ இருக்கும் சிறைக்கு வக்கீல் போகும்போது கடிதம் கொடுத்துவிடலாம் என்று உன் தங்கச்சி நஸீரா சொன்னாள். அங்கே பிரித்துப் படித்த பிறகுதான் உன் கையில் தருவார்களாம். அதனால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

உன்னோடு பிடிபட்ட வாவு முகம்மது மாமாவும் மற்ற இரண்டு பேரும் போன வாரம் வாலிநோக்கம் வந்து சேர்ந்தார்கள். எல்லை தாண்டி மீன் பிடித்த வழக்குதானே, நாலு பேரையும் ஒன்றாக விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். உன் போனில் இருந்த ஏதோ ஒரு படத்துக்காக உன்னை மட்டும் நிறுத்திவிட்டார்கள் என்று மாமா சொன்னார். என்ன படம், ஏது என்று நான் விவரமாகக் கேட்கவில்லை.

ஊரில் சொட்டு மழை இல்லை. எங்கள் சிக்கல் ஊர்க் கண்மாயில் ஆடு மேய்கிறது. அய்யா நிலத்தை உழுதுபோட்டுவிட்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். காவலர் தேர்வுப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. என்னைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரர் டீக்கடையில் கேட்டாராம். கடைக்காரர், "கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழுவான், வேற தொல்லை ஒண்ணும் இல்ல" என்று நற்சான்று கொடுத்தாராம்.

நம் வெள்ளிக்கிழமை விளையாட்டு நின்றுபோனது. ஜும்மா முடிந்து நீ வாலிநோக்கத்திலும், வினோத்குமார் திருப்பூரிலும், நான் இங்கேயுமாக உட்கார்ந்து, ஒரே மேசையைச் சுற்றி இருப்பது போலக் கத்திக்கொண்டிருந்தோமே, இப்போது அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாக லேப்டாப்பைத் திறக்கிறது. நாம் விளையாடும் வலைத்தளத்தில் ஏதோ கோளாறாம். நம் ஆட்டத்தையே காணோம். உன் கப்பல், உன் மாலுமிகள், இரண்டு வருடச் சாட், உருட்டின பகடை எல்லாம் போச்சு. இலவசக் கணக்கு என்றால் இப்படித்தான் போலிருக்கிறது. அதை நினைத்து வருத்தப்படாதே. நீ வந்தபிறகு புதிதாகத் தொடங்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டின்மேல் கோபத்தைக் காட்டாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதிகம் பேசாதே. ஆண்டவன் உன்னைக் கைவிடமாட்டான்.

இப்படிக்கு,
உன் நண்பன்


சிக்கல்
நவம்பர் 15, வெள்ளி

சஃபீர்,

அன்பு என்றும் நண்பன் என்றும் போட்டுத் தொடங்க இன்று எனக்குக் கை வரவில்லை. போன கடிதத்தில் உன்னிடம் பொய் சொன்னேன். வலைத்தளத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆட்டத்தை அழித்தது நான்.

இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகிற ஐயாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அவர்களில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருப்பார். ஐயா, அந்தப் படத்தை வரைந்தவன் நான். அது கடத்தல் வரைபடம் இல்லை, விளையாட்டு. திரையில் கடல் படம் ஒன்று இருக்கும், அதன்மேல் கட்டங்கள். ஆளுக்கு ஒரு கப்பல், பொட்டு மாதிரி வட்டமாக. கதையை ஓட்டுகிறவன் நான். உன் கப்பலைச் சூறாவளி சுற்றி வளைத்துவிட்டது, இப்போது என்ன செய்வாய் என்று கேட்பேன். ஆடுகிறவன் ஏதாவது சொல்லுவான். அது பலிக்குமா என்று இருபது பக்கப் பகடை ஒன்று திரையிலேயே உருண்டு சொல்லும். அவ்வளவுதான். இதற்காக ஊரில் எங்களுக்குக் கிறுக்கன்கள் என்று பட்டம் கொடுத்தார்கள். சிறையும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

கொம்பன்தீவு என்று நான் முதலில் இஷ்டத்துக்கு வரைந்த படத்தைப் பார்த்து, சஃபீர், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏலே, வெவசாயி கடல வரஞ்சா இப்புடித்தேன் இருக்கும். இங்கன கப்பலு தரதட்டிரும்லே" என்றாய். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தைக் கீழே வைத்து, வாலிநோக்கத்திலிருந்து அக்கரை வரைக்கும் நம் கடலையே அச்சாக எடுத்துவிட்டேன். பாறை எங்கே, நீரோட்டம் எங்கே என்று உன் ஜிபிஎஸ் கருவியில் இருந்த புள்ளிகளை நீ ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாய். அதன்மேல் சிவப்பில் 'தங்கம் 12 பெட்டி' என்று எழுதியதும், ரோந்துக் கப்பல் எத்தனை மணிக்கு எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று குறித்ததும் நான். நிஜம் மாதிரியே இருக்கிறது என்று மூன்று பேரும் பெருமைப்பட்டோம்.

கடைசி வெள்ளிக்கிழமை ஆட்டத்தை உன் முறையில் நிறுத்தினேன். எந்தப் பெட்டியைத் தேடிப் போகிறாய் என்று அடுத்த வாரம் வந்து சொல் என்றேன். கடலில் சிக்னல் கிடைக்காது, வலை போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது யோசிக்கிறேன் என்று படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனாய். அந்தப் படத்தோடு போ என்று அனுப்பியவனும் நான்தான்.

நீ பிடிபட்ட மறுநாள் காலையில் நஸீரா கூப்பிட்டாள். போனைச் சோதிக்கிறார்களாம் என்று அழுதாள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நீ இல்லை, என் காவலர் வேலை. விசாரிக்க வருகிறவர் கண்ணில் இது பட்டால் அத்தோடு தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். அழிப்பதாக இருந்தால் ஆட்டத்தின் பெயரை அடித்து உறுதிப்படுத்து என்று அந்தத் தளம் கேட்டது. கொம்பன்தீவு என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். நிறுத்திக்கொள்ள அவ்வளவு நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

போன வாரம் ராமநாதபுரத்தில் வக்கீலைப் பார்த்தேன். அந்த இரண்டு வருடச் சாட்டும், உருட்டின பகடையும் தேதியோடு இருந்தால் இது விளையாட்டுதான் என்று ஒரே நாளில் காட்டிவிடலாம் என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தளத்துக்காரர்களுக்கு ஏழு முறை எழுதிவிட்டேன். வருந்துகிறோம், அழித்ததை மீட்க வழியில்லை என்று ஏழு முறையும் ஒரே பதில். வினோத்குமாரைக் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுடா, என்னய இழுக்காத" என்று வைத்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். படத்தை நீயே வரைந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயாமே. இனி நான் வந்து சொன்னாலும், நீ மாற்றிச் சொல்லாதவரை அது வெறும் சிநேகிதன் பேச்சு என்றார். அங்கிருந்து நேராக வாவு முகம்மது மாமாவிடம் போனேன். "யாரு வரஞ்சதுன்னு அத்தன தடவ கேட்டாக. நாந்தேன், நாந்தேன்னு ஒரே புடியா நின்னான். எங்கிட்ட மட்டும், சிக்கல்காரன் பேர வெளிய விட்றாதீக மாமா, அவனுக்கு வேல வரப்போகுதுன்னான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. த்தூ என்று என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

உன் உம்மாவையும் பார்த்தேன். மெலிந்துபோயிருக்கிறார். டீ போட்டுக் கொடுத்து, "நீ போலீஸாயிட்டா எம்புள்ளய எப்புடியாச்சும் கொண்டாந்துருவேல்ல வாப்பா? ஒனக்கு அந்த வேல நெலைக்கணும்னு அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆ கேக்குறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி பயிற்சியில் சேரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அய்யா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கோயிலில் கிடா வெட்ட நாள்கூடக் குறித்தாயிற்று. நான் இப்படி எழுதிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. இதன் நகலில் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுக்கப்போகிறேன். பிறகு அந்த வேலை எனக்கு இருக்காது. அய்யாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

இதனால் உன்னை விட்டுவிடுவார்கள் என்று ஆசை காட்டமாட்டேன். வக்கீலே உதட்டைப் பிதுக்குகிறார். இருந்த ஆதாரத்தை அழித்தவனே வந்து சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். வழக்கு இன்னும் எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த முறை யார் வரைந்தது என்று கேட்டால், என் பெயரைச் சொல். போன கடிதத்தில் பயந்துபோய்ப் பெயரே போடாமல் விட்டிருந்தேன். இந்த முறை முழுசாகப் போட்டிருக்கிறேன். இதை அப்படியே சொல். அல்லா உன்னைக் காப்பாற்றட்டும் சஃபீர். நீ என்னைக் காப்பாற்றியது போதும்.

இப்படிக்கு,
மு. முத்துராமலிங்கம்
தகப்பனார் பெயர் முனியசாமி
கீழத்தெரு, சிக்கல்
ராமநாதபுரம் மாவட்டம்