யாரும் சொல்லாத பதில்

ஜனவரி 9
குளியலறையில் மறுபடியும் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. வாளியிடம் கை கொடுக்கச் சொன்னேன், அது குப்புறப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் மகன் போனில், "எல்லாம் சரியா இருக்காப்பா?" என்றான். ராஜா மாதிரி இருக்கேன்னு சொல்லிவிட்டேன். முழங்கை எரிகிறது. தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து பெட்டியோடு பெட்டியாக என்னையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஜனவரி 14
நான் விழுந்தது தெரியாமலே மகன் போனில் சொல்லிவிட்டான். "அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன். தனியா இருக்கற வயசு இல்லப்பா."
நான் என்ன, பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிப்போக வேண்டிய பிள்ளையா?
"எனக்கு வேலை கிடைக்கப் போகுதுடா" என்று புளுகினேன்.
சிரித்தான். "கிடைச்சா சொல்லுங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கல."
அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

ஜனவரி 20
எதிர்வீட்டு டீச்சரிடம் அழாத குறையாக ஒரு வேலை கேட்டேன். மாணவர் விவாதப் போட்டிக்கு நடுவர் வேண்டுமாம், சம்பளம் உண்டாம்.
"நான் ஏழாவதே பாதிதான் டீச்சர்."
"அதுதான் வேணும், தாத்தா. சாதாரண ஆளுக்கும் புரியற மாதிரி பசங்க பேசணும். அதுக்குன்னே சில பேரை வைக்கறாங்க."
என்னைவிடச் சாதாரணம் எந்தக் கடையில் கிடைக்கும்? லிப்ட் ஆபரேட்டராக ஏறி இறங்கியே பென்ஷன் வாங்கியவன்.

ஜனவரி 27
பயிற்சி. நடத்தும் மேடம் சிரிக்கவே மாட்டார் போல. "உங்க சொந்தக் கருத்தை வீட்லயே விட்டுட்டு வாங்க ஐயா" என்றார். "வீட்ல வேற ஆள் இல்ல மேடம், அதை யாரு பாத்துக்கறது?" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மேடம் பலகையில் எழுதினார்: ஒரு அணி சொன்னதற்கு எதிரணி பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அவர்களுக்காக நடுவர் பதில் யோசிக்கக் கூடாது.
இதுல என்ன கஷ்டம்? லிப்டில் எத்தனை சண்டை கேட்டிருக்கேன், ஒண்ணுலயாவது வாயைக் கொடுத்தேனா?

பிப்ரவரி 3
முதல் போட்டி முடிந்தது. மகனுக்குப் போன் போட்டு வேலை கிடைத்ததைச் சொன்னேன். "நிஜமாவாப்பா? சரி, இருங்க" என்றான்.
இருங்க. எவ்வளவு நல்ல வார்த்தை.

பிப்ரவரி 10
யாரையும் கிண்டல் செய்யக் கூடாது. அது ஒன்றில்தான் இந்த வேலையில் மூச்சு முட்டுகிறது.

பிப்ரவரி 17
இன்று அரையிறுதி, அறைக்கு ஒரே நடுவர். தலைப்பை இரண்டு தடவை படித்தேன். தனியாக வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் தங்களோடு அழைத்துப் போக வேண்டுமா?
வேண்டும் என்று பேசியது மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். "அவங்க விழுந்தாக்கூட நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. நல்லா இருக்கேன்னு சொல்றப்பவும் நம்ப முடியாது. அந்தப் பயத்தோட பிள்ளைங்க எத்தனை நாள் இருக்கறது?"
எதிரணி சுதந்திரம், மரியாதை என்று அழகாகப் பேசியது. இதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சொல்லுங்கடா, சொல்லுங்கடா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். சொல்லவில்லை. நான் சொன்னேன், மனசுக்குள். விழுந்தா விழுந்தவன் எழுந்துப்பான், உங்களுக்கென்ன?
எதிரணி ஜெயித்தது என்று அறிவித்தேன்.
அந்தப் பெண் எழுந்து மெதுவாகத்தான் கேட்டாள். "நான் கேட்டதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்க, ஐயா?"
யார் சொன்னது? எப்போ சொன்னது? குறிப்புத் தாளைப் புரட்டினேன், அவள் கேள்விக்கு எதிரே வெறும் இடம். எதிரணிப் பிள்ளைகளே தலை குனிந்துகொண்டார்கள். அறிவித்தது அறிவித்ததுதான், மாற்ற முடியாதாம். அவள் அணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

பிப்ரவரி 18
சாப்பிடவில்லை.

பிப்ரவரி 20
மேடம் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை. "வீட்ல ஏதாவது பிரச்சனையா, ஐயா?" என்று கேட்டுத் தொலைத்தார். ஜோக் ஒன்று தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.
வேலை போனதை மகனுக்குச் சொல்லாமலே ஓட்டலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஓட்டலாமா? அந்தப் பொண்ணு மூஞ்சி போக மாட்டேங்குதே.

பிப்ரவரி 23
போன் செய்தேன்.
"வேலை போச்சுடா. அப்புறம்... போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டேன். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை."
கத்துவான் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.
"இப்ப வலி இருக்காப்பா?"
"வந்து கூட்டிட்டுப் போடா" என்றேன். சொன்னது நான்தானா?

மார்ச் 2
வீட்டைப் பூட்டும்போது சாவியை அவன் கையில் கொடுத்தேன். எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 12
மகன் வீடு. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறான், தரையில் ரப்பர் விரிப்பு. நான் குளிக்கும்போது மருமகள் கதவுக்கு வெளியே நின்று இருமுகிறாள், நான் திரும்ப இருமினால்தான் நகர்கிறாள். பகலெல்லாம் ஜன்னல். கீழே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இப்படியே எத்தனை வருஷம்?
இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பியவன் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.
"ஏம்ப்பா, வந்ததுலருந்து ஒருத்தரையும் கிண்டல் பண்ண மாட்டேங்கறீங்க? எனக்குப் பயமா இருக்கு."
அவனைப் பார்த்தேன். காது ஓரத்தில் ஷேவிங் நுரை பூ மாதிரி ஒட்டியிருந்தது.
"நேரமாச்சு, போடா" என்றேன்.
நுரையைச் சொல்லவில்லை. அப்படியே ஆபீசுக்குப் போகட்டும், நாலு பேர் சிரிக்கட்டும்.