எழிலுக்கு ஒரு வாய்தா

அண்ணனூர்

என் அன்பு மகள் எழிலரசிக்குச் சித்தப்பா கன்னியப்பன் எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் ஒரே மூச்சில் நல்லாகீறேன் சித்தப்பா என்று சொல்லி போனை வைத்துவிடுவாய், அந்தப் பேச்சை இனிமேல் நான் நம்புவதாக இல்லை. இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் நான்தான், அதை முதலில் ஒப்புக்கொள். நீ வக்கீல் வேலைக்கு டெல்லிக்கு ரயிலேறிய அன்றைக்கு சென்ட்ரலில் நின்றுகொண்டு உன் அம்மாவிடம், "பாரு அண்ணி, இந்தப் பொண்ணு அடுத்தவன் கஷ்டத்தயெல்லாம் கட்டுக் கட்டா தூக்கிக்கினு ஓடும், தன் கஷ்டத்த மட்டும் வாயத் தொறந்து சொல்லாது" என்றேன். அவள், "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது, வாயக் கழுவு" என்று என்னை அடக்கிவிட்டாள். எழுத்து கோணலாகப் போகிறதே என்று பார்க்காதே, இந்தப் பாழாய்ப்போன மேசை ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருக்கிறது.

உன்னோடு தங்கியிருக்கும் ஸ்வாதி வெள்ளிக்கிழமை எனக்கு போன் செய்தாள். அவள் மேல் கோபப்படாதே, அந்தப் பெண் அழுதுகொண்டே பேசினாள். கோர்ட்டு மாடிப்படியில் கறுப்பு கவுனோடு உட்கார்ந்த நீ உன் கேஸைக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். தூக்கமே இல்லையாம், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாயாம், இப்போது அறைக் கதவையே சாத்திக்கொண்டாயாம். நான் இல்லாவிட்டாலும் அந்தக் கேஸ் கட்டை வேறு யாராவது தூக்குவார்கள் என்று சொன்னாயாம். எழிலு, அந்த ஒரு பேச்சைக் கேட்டதிலிருந்து உன் சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டை யார் வேண்டுமானாலும் தூக்குவான், ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு எழில் வேண்டும் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? உன் அப்பா போன பிறகு உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான், எனக்கு வேறு பிள்ளையா இருக்கிறது?

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைக்கத்தான் பார்த்தேன், என் மூஞ்சியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "கொயந்த எப்போ சாப்டுச்சாம்" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போய் நெத்திலிக் கருவாட்டை வறுத்து, எண்ணெய் வடித்து, டப்பாவில் போட்டு மூடி, மேலே மூன்று கவர் சுற்றிவிட்டாள். தபாலில் போட்டால் போஸ்ட்மேன் ஓடிவிடுவான் என்று நான்தான் அதை அனுப்ப வேண்டாம் என்றேன்.

இப்போது சித்தப்பா சொல்லும் சட்டத்தைக் கேள். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் அம்பத்தூர் கோர்ட்டு எதிரில் நான் ஜெராக்ஸ் எடுத்த கேஸ் கட்டுகளை அடுக்கினால் கொரட்டூர் ஏரிக்கரையைவிட உயரம் வரும், பாதி வக்கீல்கள் என்னிடம் கேட்காமல் மனுவே போடுவதில்லை. வாய்தா வாங்க இவர்கள் சொல்லும் காரணமெல்லாம் எனக்கு மனப்பாடம். வயிற்றுப்போக்கு, முதுகுவலி, மாமனார் சாவு. ஒரே மாமனாரை மூன்று தடவை சாகடித்த புண்ணியவானும் இருக்கிறார். ஆனால் மனசு சரியில்லை என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கட்சிக்காரன் ஓடிவிடுவான், எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பான், சீனியர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்று பயம். ஊருக்கெல்லாம் வாதாடுகிறவர்களுக்குத் தனக்காக நாலு வார்த்தை பேச வராது.

நீ லீவில் குறிப்பெடுக்கப் போவாயே, வக்கீல் இராமகிருஷ்ணன் சார், அவரும் அப்படித்தான் இருந்தார். என் கடையில் வந்து நிற்பார், எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய்த் திரும்பிவிடுவார். ஒருநாள் கோர்ட்டில் எழுந்து நின்று ஜட்ஜம்மாவிடம், அம்மா, எனக்கு மனசு சரியில்லை, டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன், அதற்குத்தான் வாய்தா கேட்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஜட்ஜம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேதி கொடுத்தார். சார் வெளியே வந்தால் பின்னாலேயே இரண்டு ஜூனியர்கள் ஓடிவந்து, "சார், அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் குடுங்க சார்" என்கிறார்கள். அவருக்கு இந்த யோசனையே நான் கொடுத்ததுதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், பாவம், அவரும் மறுக்கவில்லை. இப்போது டாக்டரிடமும் போகிறார், மாத்திரையும் போடுகிறார், வழக்கும் நடத்துகிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பொண்ண எனக்கு போன் பண்ணச் சொல்லு கன்னியப்பா, கேசப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்றார்.

அப்புறம் அந்த பேனர். ஸ்டேஷன் பக்கத்தில் உன் படத்தைப் போட்டு இந்தியாவின் தலைசிறந்த வழக்கறிஞர் என்று நான் கட்டினேனே, அதைப் பார்த்தவர்கள் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்று ஸ்வாதியிடம் சொன்னாயாம். அந்தக் கவலை உனக்கு வேண்டாம், அவிழ்த்துவிட்டேன். பூங்காவனம் அக்கா இட்லிக் கடைக் கூரை ஒழுகுகிறது என்று கேட்டாள், கொடுத்துவிட்டேன். உன் மூஞ்சி உள்பக்கமாக வருகிற மாதிரி கட்டியிருக்கிறாள். மாவு ஊற்றும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "சாப்டியாம்மே" என்று உன்னைக் கேட்கிறாள். இங்கே உன்னிடம் யாரும் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

சீனியர் உன் இடத்தை வைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. போனால் போகட்டும். ஸ்வாதி ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறாள், முதலில் அங்கே போக வேண்டும், சண்டை போடாமல். அதுவரைக்கும் தனியாக மட்டும் இருக்காதே, கண்ணு. மனசு ஏதாவது சொன்னால் அதை அப்படியே யாரிடமாவது சொல்லிவிடு, உள்ளே வைத்துக்கொள்ளாதே. வேம்புலியம்மன் உனக்குத் துணை இருப்பாள். நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், எங்களுக்குப் பிறகும் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் தலையில் அண்ணனூர் என்று போட்டேனே, அது பொய். கவரைத் திருப்பிப் பார், ஸ்டாம்பு இருக்கிறதா? ஆடியது மேசை இல்லை, ரயில். வருகிறேன் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் சித்தப்பா, பிஸி என்றிருப்பாய். திடீரென்று எதிரில் வந்து நின்றால் நான் ஏதாவது பெருமை பேசுவேன், நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துத் தப்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதி ஸ்வாதி கையில் கொடுத்துக் கதவிடுக்கில் தள்ளச் சொன்னேன். மாடிப்படியெல்லாம் நெத்திலி வாசனை அடிக்கிறதே, இன்னுமா உனக்குத் தெரியவில்லை? உன் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவசரமில்லை. தலை வார வேண்டாம், முகம் கழுவ வேண்டாம், ஒன்றும் பேசவும் வேண்டாம். தாழ்ப்பாளை மட்டும் எடு.

கதவுக்கு இந்தப் பக்கம்,
உன் சித்தப்பா
ஜெராக்ஸ் கன்னியப்பன்