பாலத்தை மூடிய குரல்

செப்டம்பர் 4, வியாழன்

பின்னறைக்கு இரண்டாவது பூச்சும் அடித்து முடித்தேன். கடைக்காரன் இளமஞ்சள் என்று சொல்லிக் கொடுத்தான். காய்ந்த பிறகு மஞ்சள் காமாலை மாதிரி இருக்கிறது. கிளாவா அக்கா வந்து பார்த்தால் சிரிப்பாள். சிரிக்கட்டும், வந்தால் சரி.

ஆற்றுக்கு அந்தக் கரையில், ரஷ்யாவின் இவான்கொரொத்தில் முப்பத்தெட்டு வருடம் இருந்துவிட்டாள். அத்தான் போனபின் தனியாக. இக்கரையில் என்னோடு வந்து இருக்க அனுமதி வாங்குவதற்கு இரண்டு வருடம் அலைந்தோம். ஜூலையில் கிடைத்தது. வா என்றால், தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டிவிட்டு அக்டோபரில் வருகிறேன் என்கிறாள். என்னைவிட உருளைக்கிழங்கு முக்கியம்!

மத்தியானம் தலைநகர் தாலினிலிருந்து ஹிண்ட்ரெக் கூப்பிட்டான். பிரதமர் அலுவலகத்துப் பையன். பையன் என்ன, நாற்பது வயதாகிறது. "மாசக் கடைசியில பிரதமர் உங்க நார்வாவுல ஆத்தங்கரையில பேசறார்மா. ரஷ்ய மொழியில நீங்கதான் சொல்லணும். செவ்வாய்க்கிழமை வாங்க. ஒரு காகிதத்துல கையெழுத்தும் போடணும்."

பதினொரு வருடமாக அவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். இதுவரை காகிதம் எதுவும் கேட்டதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பதினொரு மணிக்கு வழக்கம்போல ஆற்றங்கரை. நான் பச்சைக் கோட்டு, அக்கரையில் அக்கா சிவப்புத் துண்டு. நடுவில் நூற்றைம்பது மீட்டர் தண்ணீர். இந்தக் கரையில் இன்று எங்களைப் போல ஒன்பது பேர் கையாட்டிக்கொண்டிருந்தோம். எல்லைப் பாலத்தில் சோதனை வரிசை நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய். தாலினிலிருந்து திரும்பும் ரயிலில்

பேச்சில் இருப்பதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். பேச்சைப் படித்தேன். நாலாம் பக்கம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பிரதமர் ராவுத்னா எதிரே உட்கார்ந்திருந்தார். பண்ணைக்காரர் கை, தேநீர்க் கோப்பை அதில் முட்டைக் கிண்ணமாகத் தெரியும். அவருடைய அப்பாவை ஏழு வயதில் மாட்டு வண்டியில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். மாட்டு வண்டி என்றால் மாடு ஏற்றும் ரயில்பெட்டி. அதை அவர் மேடையில் சொல்வதில்லை. அதனால் எனக்கு அவர்மேல் மரியாதை.

"பாதுகாப்புன்னா பீரங்கியும் வேலியும்னு நினைக்கறாங்க ஸினா" என்றார். "எதைக் காப்பாத்தறோம்னு தெரியாதவன் கையில பீரங்கி இருந்து என்ன பண்ண? மேற்கே இருக்கறவங்களுக்கு ஐரோப்பா ஒரு சந்தை. எனக்கு அது வீடு. நம்ம சட்டம், நம்ம மொழி, நம்ம கோயில் மணி, கல்லறையில நாம ஏத்தற மெழுகுவத்தி. பூட்டத் தெரிஞ்ச வீட்லதான் விருந்தாளிக்கு பயமில்லாம கதவைத் திறக்க முடியும்."

"நம்ம நம்மங்கறீங்களே, அதுல எங்க ஊர்க்காரங்க உண்டா?" என்று கேட்டேன். நார்வாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. நானும்தான்.

"நீங்க இருக்கணும்னுதான் இந்தப் பேச்சே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

நாலாம் பக்கம்: செப்டம்பர் 27, சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு பாலம் மூடப்படுகிறது. இந்த ஒரு பாலம் மட்டுமல்ல, ரஷ்யாவுடனான எல்லா வழியும். யாருக்கும் விலக்கு இல்லை. அந்த நிமிடம் வரை வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தப் பக்கத்திலிருந்து யாரை யாரை அவசரமாக உள்ளே அனுப்புவார்கள் என்று சொல்லமுடியாது என்று ஹிண்ட்ரெக் விளக்கினான். ஆகஸ்டில் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விழுந்த ட்ரோனை நானே பார்த்தேன். அவர்கள் சொல்வதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டமே.

செப்டம்பர் 11, வியாழன்

பின்னறைக்குத் திரைச்சீலை தைத்தேன். எதற்காகத் தைக்கிறேன்?

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். பின்னால் நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

கரையிலிருந்து வீடு திரும்பியதும் அக்கா போன் செய்தாள். "ஸினா, என் பாஸ்போர்ட் ஜனவரியில முடியுதுடி. நாளைக்கே புதுசுக்குக் குடுத்துடறேன். பழசை வாங்கி வச்சுக்குவாங்க, நாலு வாரம் ஆகுமாம். கிழங்கு தோண்டி முடிக்கறதுக்கும் அது வர்றதுக்கும் சரியா இருக்கும்ல?"

பின்னறைத் திரைச்சீலையின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன்.

"என்னடி, லைன்ல இருக்கியா?"

"கொஞ்சம் முன்னாடியே வாயேன்க்கா. கிழங்கு கெடக்கட்டும்."

"கெடக்கட்டுமா? அழுகிப்போச்சுன்னா உங்க பிரதமர் வந்து தோண்டுவாரா?" என்று சிரித்தாள். "சொல்லு, நாளைக்குக் குடுக்கவா வேணாமா?"

'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அவள் அசட்டுப் பெண் இல்லை, புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் புரிந்ததை அவள் வைத்துக்கொள்ள மாட்டாள். பக்கத்து வீட்டு நூரா, கோயில், கடை, ராத்திரிக்குள் இவான்கொரொத் முழுக்க.

"குடு" என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பத்து மணிக்குக் கொடுத்துவிட்டாளாம். போட்டோவில் சிரிக்கவே விடவில்லை என்று குறைப்பட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

துண்டை இன்று பெரிதாக ஆட்டினாள். நானும் ஆட்டினேன். இப்படிக் கை கனத்ததே இல்லை.

செப்டம்பர் 24, புதன்

ஹிண்ட்ரெக் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று அனுப்பியிருக்கிறான். மொழிபெயர்ப்பாளர் மேடையில் கண்ணில் படக்கூடாதாம். பச்சைக் கோட்டைப் பீரோவில் மாட்டினேன்.

ராவுத்னாவிடம் நேரே கேட்டுவிடலாமா? என் அக்கா ஒருத்தியை மட்டும், என்று. கேட்டால் நானும் எல்லாரையும் போலத்தான். கேட்காவிட்டால்? கேட்கவில்லை. கௌரவமா, பயமா? தெரியவில்லை.

செப்டம்பர் 27, சனி

ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க் கோட்டைக்குக் கீழே மேடை. ஒலிபெருக்கிகளில் இரண்டை ஆற்றைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அக்கரைக்கும் கேட்கவேண்டும் என்று பிரதமர் விரும்பினாராம். மே மாதப் போர்வெற்றி விழாவுக்கு அக்கரைக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பெரிய திரை கட்டிப் பாட்டுப் போடுகிறார்களே, அதற்குப் பதில்.

எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லும் வழக்கம் இல்லை. அவர் வாயில் வருவது அப்படியே என் வாயிலும் வரவேண்டும். வீடு, பூட்டு, மெழுகுவத்தி, மணி, எல்லாம் சொன்னேன். எதிரில் நின்ற மீன்கடை லாரிஸா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். நாலாம் பக்கம் வந்தது. "இன்று மாலை ஆறு மணிக்கு இந்தப் பாலத்தை நான் மூடுகிறேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூடத் தேவலை. வார்த்தைகள் தண்ணீர்மேல் போய் அக்கரைக் கோட்டைச் சுவரில் மோதி எனக்கே திரும்பி வந்தன.

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். சிலர் பாலத்தை நோக்கி ஓடினார்கள்.

இறங்கியதும் லாரிஸா வழிமறித்தாள். "நல்லா பேசினே ஸினா. உங்க அக்காவுக்கும் கேட்டிருக்கும்."

ஆறு மணி வரை சோதனைச் சாவடியில் நின்றேன். பாஸ்போர்ட் இல்லாமல் அவள் வரமுடியாது என்று தெரியும். தெரிந்தும் நின்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கரைக்குப் போனேன். அவள் இல்லை. மத்தியானம் போன் வந்தது.

"தோட்டத்துல இருந்தேன்" என்றாள். "நூரா ஓடி வந்தா. 'உன் தங்கச்சி பேசறா, வா, வா'ன்னா. சந்தோஷமா வந்தேன்டி, கையெல்லாம் மண்ணோட."

"அக்கா..."

"ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு நான் பாஸ்போர்ட்டைக் குடுக்கவான்னு கேட்டேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வைத்துவிட்டாள். ஐயோ, நான் என்ன செய்தேன்? எதைச் செய்திருக்கணும்? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே. சொல்லியிருந்தா இப்ப நிம்மதியா இருந்திருப்பேனா? பாழாப்போன காகிதம்.

அக்டோபர் 5

இல்லை.

அக்டோபர் 12

இல்லை. போனையும் எடுக்கவில்லை. கரையில் இன்று முப்பது பேருக்கு மேல். எல்லாரும் என்னிடமிருந்து ஓரடி தள்ளியே நிற்கிறார்கள். நான் சாம்பல் கோட்டிலேயே போகிறேன். பச்சையைத் தொட மனம் வரவில்லை. அது அவளுக்கு அடையாளம் காட்டப் போட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

தாலின். ஊர்ப்பேச்சு காதில் விழுந்து ஹிண்ட்ரெக் உளறியிருக்கிறான் போல. ராவுத்னா எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க அக்கா விஷயம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "ஒருத்தருக்குத் திறந்தா அப்புறம் அது பூட்டு இல்லை. ஆனா நீங்க கேட்டிருந்தா, அதுக்கப்புறம் அந்தப் பேச்சை உங்களைச் சொல்ல வச்சிருக்க மாட்டேன். அதையாவது செஞ்சிருப்பேன்" என்றார்.

அவர்மேல் கோபப்பட முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். அவர் நம்புவதை நானும் நம்புகிறேன், இப்போதும். அந்த நம்பிக்கைக்கு விலை மட்டும் எங்கள் வீட்டில் விழுந்தது. இனிமேல் ஆற்றங்கரையில் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்றார்.

பிப்ரவரி 22, மன்னிப்பு ஞாயிறு

நாளை முதல் நோன்பு. அதற்கு முன் இன்று எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும். தோசை மாதிரி மெல்லிசாக ப்ளினி வார்த்தேன், தனி ஆளுக்குப் பன்னிரண்டு. பிறகு போன் செய்தேன். இந்த நாளில் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. அதை நம்பித்தான் செய்தேன். எடுத்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடு."

'கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்' என்பது வழக்கமான பதில். சின்ன வயதிலிருந்து இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக்கம்.

"கடவுள் மன்னிப்பார்" என்றாள்.

காத்திருந்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மார்ச் 8

லாரிஸா ஒரு பொட்டலம் உப்பு மீன் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

இன்று எங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினோம். குளிர்காலம் முழுக்க இங்கே பதினொன்று என்றால் அங்கே பன்னிரண்டு. இனி இலையுதிர்காலம் வரை இரண்டு கரையிலும் ஒரே மணி.

கரையில் காற்று அதிகம். அக்கரையில் தூண்டில்காரர்கள் நாலைந்து பேர், குளிருக்குப் போர்த்திக்கொண்டு யாரோ ஒருத்தி. சிவப்புத் துண்டு எங்கும் இல்லை. பாலம் மூடிய பிறகு இது இருபத்தேழாவது ஞாயிறு. கிளம்பலாம் என்று திரும்பியபோது கோட்டுப் பையில் போன் அடித்தது.

"பாஸ்போர்ட் அக்டோபர்லயே வந்துடுச்சு" என்றாள், ஹலோகூடச் சொல்லாமல். "இஸ்தான்புல் சுத்தி வரலாமாம். ரெண்டு விமானம். என் முட்டி அதுக்கெல்லாம் தாங்காது. அந்த ரூமை யாருக்காவது விட்டுடு."

"விடமாட்டேன்."

"உன் இஷ்டம்." கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது, என் பக்கமா அவள் பக்கமா தெரியவில்லை. "அடுத்த வாரம் அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டு வாடி. இந்தச் சாம்பல்ல நீ எங்க நிக்கறேன்னே தெரிய மாட்டேங்குது. ஆறு மாசமா வாராவாரம் வந்து தேடறேன், கண்ணு வலிக்குது."

வீட்டுக்கு வந்ததும் பச்சைக் கோட்டை எடுத்து, பின்னறை ஜன்னலைத் திறந்து, வெயில் படும்படி மாட்டினேன்.