இறக்கத்தில் என்னைத் தாங்கிய உன் வண்டி

மச்சான்,

நேற்றுச் சாயங்காலம் கூலிம் ஹைடெக் பூங்காவுக்குப் போகும் சாலையில், சிவப்பு விளக்கில் என் வேனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லோரி வந்து நின்றது. எங்கேயோ மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியாகத்தான் இருக்க வேண்டும். நின்றதுமே அந்த வாடை சன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. சூடேறிய பிரேக்கின் வாடை. ரப்பர் கருகுவது போலவும் இருக்கும், இரும்பைத் தீயில் காட்டியது போலவும் இருக்கும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வலது கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. வேன் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மிதித்த காலை எடுக்க முடியவில்லை. விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். என் வேனில் ராத்திரி வேலைக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, "அண்ணே, ஓக்கேவா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். தொழிற்சாலை வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, வேனை ஓரங்கட்டி, உடம்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் லோரியை விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது ஓட்டுவதெல்லாம் சமதரைச் சாலைகள்தான். வீடு சுங்கை லாலாங்கில்; அங்கிருந்து கூலிம், கூலிமிலிருந்து வீடு. மேடு பள்ளம் இல்லாத பாதையாகப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கண்டுபிடித்திருப்பாய். ஆனால் கேட்டதில்லை.

நாம் இரண்டு பேரும் பாலிங்கில் ஒரே தவுக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், லோரி ஓட்டிய காலம் அது. என் தங்கையை நீ கட்டிக்கொள்வதற்கு முன்பே நமக்குள் பழக்கம். அவளைக் கட்டிய பிறகு நம் பழக்கத்துக்கு ஒரு முறைப்பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். உன் வண்டியின் கண்ணாடியில் உன் அம்மா கொடுத்த ஜெபமாலை தொங்கும். அதே கொக்கியில் என் தங்கை மாரியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கயிறும் கட்டியிருக்கும். சரக்கு ஏற்றுகிறவர்கள் கேலி செய்வார்கள். "ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்லா, என்ன கொறஞ்சு போச்சு," என்பாய்.

அன்றைக்கு மத்தியானம் வரை மழை. நீ மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் உரம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தாய். நான் மரம் ஏற்றிக்கொண்டு உனக்குப் பின்னால். மலை உச்சியில் இருந்த கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். உன் பெரியவன் நடக்க ஆரம்பித்திருந்த நேரம். என் தங்கை இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மாசமாக இருக்கிறவளுக்கு மலையில் விற்கிற பெத்தாய்க்காய் வேண்டுமாம் என்று சொல்லி, ஒரு கட்டு வாங்கி உன் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டாய்.

மலையில் இறங்கும்போது காலால் மிதிக்கிற பிரேக்கை நம்பக் கூடாது என்பது லோரி ஓட்டுகிற யாருக்கும் தெரியும். கியரைக் குறைத்துப் போட்டு, எக்சாஸ்ட் பிரேக்கைத் தட்டிவிட வேண்டும். புகைக்குழாய்க்குள் ஒரு கதவு மூடிக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத புகையோடு எஞ்சின் மல்லுக்கட்டும். அந்தத் திணறல்தான் சக்கரங்களைப் பிடித்து இழுக்கும். வண்டி ஒரு மாடு உறுமுவது போல உறுமிக்கொண்டே இறங்கும். அந்த உறுமல் காதில் விழுகிறவரைக்கும் பயமில்லை.

இறக்கம் ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே என் வண்டியின் உறுமல் நின்றுவிட்டது.

எதனால் பயந்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். வேகம் என்றோ பள்ளம் என்றோ நான் சொல்லவில்லை. சத்தம் இல்லாமல் போனதுதான். எக்சாஸ்ட் பிரேக் சுவிட்சில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு முறை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் லேசாகி, வண்டி தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போனது. காலால் மிதித்தேன். முதல் வளைவில் பிடித்தது. அடுத்த வளைவில் பாதிதான் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை. அதற்குப் பிறகு மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன், வண்டி கேட்கவில்லை. கியரைக் குறைக்கலாம் என்று கை போனது. குறைக்கும்போது பல் ஏறாமல் போய்விட்டால் எஞ்சினின் பிடி கொஞ்சமும் இருக்காது. கையை எடுத்துவிட்டேன்.

இடது பக்கம் பாறை. வலது பக்கம், எதிரே வருகிற வண்டிகளுக்கு அப்பால், கிடுகிடு பள்ளம். பாறையில் உரசிவிடலாமா என்று நினைத்தேன். உரசி நின்றால், என் முதுகுக்குப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிற மரங்கள் நிற்காது. அவை முன்னால் வரும். அப்படி நடந்த ஒரு வண்டியை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி நாம் வீட்டில் பேசியதே இல்லை.

வாக்கி-டாக்கியை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். எக்சாஸ்ட் போய்விட்டது, காலும் பிடிக்கவில்லை என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நீ பதறவில்லை. எந்த கியரில் இருக்கிறாய் என்று மட்டும் கேட்டாய். நாலு என்றேன். கியரைத் தொடாதே என்றாய்.

"நீ ஓரமா ஒதுங்கிக்க மச்சான். நான் உன்னைத் தாண்டிப் போயிர்றேன்," என்றேன்.

"தாண்டி எங்க போவ? கீழ பள்ளிக்கூடம் விடுற நேரம்." பிறகு சொன்னாய்: "என் பின்னால வந்து ஒட்டு. நான் வேகமெடுத்துக் குடுக்கறேன். இடிக்காத, ஒட்டு."

நீ சொன்னது என்னவென்று புரிய எனக்கு ஒரு வளைவு ஆனது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த உன் வண்டி, பிரேக் விளக்கை அணைத்துவிட்டு, என் வேகத்துக்கு ஓட ஆரம்பித்தது. இறக்கத்தில், ஈரச் சாலையில், வேண்டுமென்றே. உன் வண்டியின் வால் கிட்டே வந்தது. மேலும் கிட்டே வந்தது. அதன் மேலிருந்த பழைய சேற்றுக்கறை வரைக்கும் தெரிந்தது. கண்ணை மூடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு முட்டு. என் முன்தகடு நசுங்கியது. முன்கண்ணாடியில் ஒரு விரிசல் ஓடியது. பிறகு விலகி, மறுபடியும் முட்டி, ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் உன் எஞ்சின் உறுமத் தொடங்கியது. என் இருக்கைக்குக் கீழே அது கேட்டது, என் வண்டியே உறுமுவது போல. உன் வெறும் வண்டி, என் மரங்கள் அத்தனையையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கியது. வளைவுகளில்தான் உயிர் போனது. நீ திரும்பும்போது உன் வால் என் முகத்திலிருந்து ஒரு பக்கமாக நழுவும். நான் தள்ளுகிற தள்ளில் உன் வண்டி குறுக்கே மடங்கிவிடுமோ என்று இருக்கும். உன் சக்கரங்களிலிருந்தும் புகை கிளம்பியது. அதைப் பார்த்ததும் என் பயம் வேறு மாதிரி ஆனது. அதுவரை நான் சாகப்போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்தப் புகையைப் பார்த்த பிறகு, என் தங்கைக்குப் புருஷனும் அண்ணனும் ஒரே நாளில் போகப்போகிறார்கள் என்று பயந்தேன். விட்டுவிடு, விலகிப் போ என்று கத்தினேனா, மனதுக்குள் நினைத்தேனா, தெரியாது. வாக்கியில் உன் குரலே வரவில்லை. நீயும் பயந்துவிட்டாய், அதனால்தான் பேசவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசி வளைவு தாண்டி, சாலை சமமாகி, வாழைப்பழத்தைப் பொரித்து கோரேங் பிசாங் விற்கிற ஒரு மலாய் அம்மாவின் கடைக்கு முன்னால் இரண்டு வண்டிகளும் ஒன்றாக நின்றன. அதற்குச் சற்றுத் தள்ளித்தான் பள்ளிக்கூடம். பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்கள். நீ இறங்கி ஓடி, என் சக்கரங்களுக்குக் கல் வைத்தாய். பிறகு என் கதவைத் திறந்தாய். ஸ்டேரிங்கையும் அதோடு சேர்த்து வாக்கியையும் இறுக்கிப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாய். "காலை எடு மச்சான். நின்னுருச்சு," என்றாய். நான் இன்னமும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்துக்கொண்டதாகச் சொன்னாய். ஆனால் நமக்குப் பின்னால் வந்த காரின் கேமராவில் அது முழுவதும் பதிவாகி, யார் யார் கைகளிலோ சுற்றி, கடைசியில் என் தங்கையின் போனுக்கே வந்துவிட்டது. அவள் அடுப்படியில் நின்றபடி அதைப் பார்த்திருக்கிறாள். என்னையும் வரச் சொன்னாள். நாம் இரண்டு பேரும் குற்றவாளிகள் மாதிரி கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் சத்தம் போடவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் போயிருந்தா, நான் யாருக்கு மொதல்ல அழறது?"

நீ தரையைப் பார்த்தாய்.

அந்த மாதமே நான் லோரியை விட்டேன். நீ விடவில்லை. பிழைப்பு அதுதானே. என் தங்கை உன்னோடு சந்தோஷமாகத்தான் வாழ்ந்தாள். ஆனாலும் அந்த முள் அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியும். எப்போதாவது என்னிடம் சொல்வாள்: "அண்ணன் நீ பொழச்சது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அந்த நேரத்துல அவருக்கு என் ஞாபகமே வரல பாரு. அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது." உன் வண்டி வீட்டுக்கு வர நேரமாகிற ஒவ்வொரு நாளும் அவள் வாசலில் நிற்பாள். நீ வந்ததும் ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய்விடுவாள்.

உன்னை மலை ஒன்றும் செய்யவில்லை. கல்லீரலில் வந்த வியாதிதான் கொண்டுபோனது. சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில், பார்வையாளர் நேரத்தில், என் தங்கை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போயிருந்தாள். நீ கூரை விசிறியைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டாய்.

"அன்னிக்கு நான் ஒதுங்கிடலாம்னு பாத்தேன் மச்சான்," என்றாய்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ மெல்லச் சொன்னாய். உன் பிரேக்கும் சூடாகி விட்டதாம். ஒரு வளைவில் உன் வண்டியின் வால் வழுக்கியபோது, இனி இரண்டு பேருமே போகப்போகிறோம் என்று தெரிந்துவிட்டதாம். அங்கே பாறையோரம் சாலை கொஞ்சம் அகலமாக இருந்தது. என் தங்கை வயிற்றுப் பிள்ளையோடு வாசலில் நிற்பது உன் கண்ணுக்குள் வந்துவிட்டதாம். ஸ்டேரிங்கை இடது பக்கம் ஒடிக்கவே ஆரம்பித்துவிட்டாய்.

அப்புறம் ஏன் ஒதுங்கவில்லை என்பதையும் நீயே சொன்னாய்.

"நீ வாக்கி பட்டனை விடாம அமுக்கிக்கிட்டு இருந்த. நான் பேசுனது ஒண்ணும் உனக்குக் கேட்டிருக்காது. உன் மூச்சுதான் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதைக் கேட்டுக்கிட்டு எப்படி ஒதுங்கறது?"

அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்தப் பேச்சை நாம் மறுபடி எடுக்கவில்லை. எடுக்க நாளும் இருக்கவில்லை.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு என் தங்கையை நான்தான் உன்னிடம் கூட்டிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் மெழுகுவர்த்திகளைக் காற்றுப் படாமல் நட்டுவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் உன் பெயர் எழுதிய கல்லைத் துடைத்தபடி, வழக்கம் போல, "பயமே இல்லாத ஆளு," என்றாள். எனக்கு அதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை. சொன்னால் உன்னைக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம்; சொல்லாவிட்டால் அவள் அந்த முள்ளோடுதான் கிழவியாவாள் என்றும் பயம். நீ சொன்னது சொன்னபடி சொல்லிவிட்டேன். வயிற்றோடு நின்ற அவள், பாறையோரம், நீ ஒடிக்க ஆரம்பித்த ஸ்டேரிங், எல்லாம்.

துணியைப் பிடித்த கை கல்லின் மேலேயே நின்றது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப என்னை நெனச்சிருக்காரு," என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒதுங்க நெனச்சதோட விட்டாரே, அண்ணா. உன்னைக் கைவிடலையே," என்றாள்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள், நீ சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கிவைப்பது முதற்கொண்டு.

எனக்குத்தான் போதவில்லை, மச்சான். நீ சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குள் ஒரு புதுப் பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்துக்கும் புகைக்கும் பயந்தது பழைய பயம். அதற்கு நான் பழகிவிட்டேன். இது வேறு. இரவில் கண்ணை மூடினால் முன் வண்டியில் நான் இருக்கிறேன். பின்னால் மரம் ஏற்றிய வண்டியில் நீ வருகிறாய். என் சக்கரங்கள் புகைகின்றன, வால் வழுக்குகிறது, பாறையோரம் சாலை அகலமாகிறது. வாக்கியில் உன் மூச்சு கேட்கிறது. என் கை ஸ்டேரிங்கில் இருக்கிறது. ஒதுங்குவேனா, மாட்டேனா என்று தெரிவதற்குள் விழித்துக்கொள்கிறேன்.