பொய்யாய் விழுந்த கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

சின்னவளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

ஆய்வகத்தில் ஒரு சின்னச் சறுக்கல், அவ்வளவுதான். ஈஸ்ட் செல்லுக்குள் டிஎன்ஏ சுருளைத் தளர்த்திவிடும் ஒரு புரதத்தை மூன்று வருடமாக ஆராய்கிறேன் அல்லவா? அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஆன்டிபாடி உண்டு. அது போய்ப் புரதத்தைப் பிடித்தால், காகிதம் மாதிரியான ஒரு படலத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். போன வாரம் அந்தப் புரதமே இல்லாத ஈஸ்டை வைத்துப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. அதிலும் அதே இடத்தில் அதே கோடு. இத்தனை நாளும் அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடித்திருக்கிறது.

பேராசிரியர் திட்டவில்லை. “விடும்மா, எல்லாருக்கும் நடக்கிறதுதான். வேற ஆன்டிபாடி வாங்கிக்கலாம்” என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

அப்பா, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வராமல் இருந்தது அந்தக் கோட்டுக்காகத்தான். “முடிச்சிட்டே வாடி, நான் எங்க ஓடிடப்போறேன்” என்று போனில் அம்மாதான் சொன்னாள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதி அனுப்புங்கள். அம்மாவின் ஸ்வெட்டரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், இங்கே குளிர் அதிகம். இன்னொன்று. கடைசி நாளில் அம்மா என்னைத் தேடினாளா என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றுகிறாள். நீங்களாவது எழுதுங்கள். தேடினாள் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஈஸ்ட் வளர்ந்துவிட்டது, உடனே எடுக்க வேண்டும்.

உங்கள்
சின்னவள்