மார்கழியில் ஐஸ் வைத்த மரம்

அன்புள்ள கோமதி,

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் உன்னை ஒரு தடவைகூட இப்படிக் கூப்பிட்டதில்லை. ‘ஏளா’ என்பேன், ‘இந்தா’ என்பேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் பெயரைச் சொல்வேன். இப்போது கூச்சமாகவே இல்லை. பக்கத்தில் நின்று சிரிக்க நீ இருந்தால்தானே கூச்சம்.

உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதைச் சொல்லும் முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி. உன் பீச் மரம் சாகட்டும் என்று விட்டுவிட்டு டெல்லிக்குப் போனேன். மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான்.

நம் கரமனை வீட்டுக் கொல்லையைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். கிணற்றடியில் ஒரு நாரத்தை. சுவரோரம் இரண்டு எலுமிச்சை. நடுவில், கொடைக்கானலில் உன் அப்பா வீட்டிலிருந்து பிஸ்கட் டின்னில் நட்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் மடியை விட்டு இறக்காமல் நீ கொண்டுவந்த பீச். நாரத்தையும் எலுமிச்சையும் யாரும் கேட்காமலே காய்த்துத் தள்ளின. தெரு முழுக்க உன் நாரத்தங்காய் ஊறுகாய்தான். நீயோ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். “அதெல்லாம் தானா வளரும்ங்க. இதுதான் பாவம், ஊர் விட்டு ஊர் வந்தது” என்று பீச்சைத் தடவிக் கொடுப்பாய். நீயும் அப்படி வந்தவள்தான் என்பது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று.

பதினாலு வருஷம் அந்த மரம் இலையாக விட்டுக்கொண்டிருந்தது. பேருக்கு ஒரு பூ இல்லை. குளிர் பட்டால்தான் பூக்கும் என்று உன் தம்பி ஒரு கடிதத்தில் எழுதிவிட்டான். அன்றைக்குப் பிடித்தது சனி. “மரத்துக்குக் குளிர்காலம் வந்துட்டுன்னு நம்ப வைக்கணும்ங்க” என்றாய். திருவனந்தபுரத்தில் எப்படியம்மா நம்ப வைப்பது? ஐஸ் வைத்து!

மார்கழி, தை ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பெனிக்கு சைக்கிள் மிதித்தவன் நான்தானே. விழிஞ்ஞத்து மீன்காரர்களோடு வரிசையில் நிற்பேன். கட்டிக்கு மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவேன். பாதி ரோட்டிலேயே போய்விடும். வேட்டியெல்லாம் நனைந்து வந்து நிற்பவனை நீ திரும்பிப் பார்க்காமல் சாக்கைத்தான் அவிழ்ப்பாய். கடப்பாரையால் உடைத்து மரத்தைச் சுற்றி வட்டமாகப் பரப்புவாய். பிறகு இரண்டு பேரும் கிணற்றுப் படியில் உட்கார்ந்து, அது கரைவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்போம்.

சுத்த சைவ வீட்டில் மீன் ஐஸ்! திருநெல்வேலியிலிருந்து வந்த என் அக்கா, மரத்தைச் சுற்றி நாலு பூனை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “ஏலே, இது வீடா, மீன் சந்தையா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “மதினி, அது மரத்துக்கு. நாம திங்கவா போறோம்?” என்றாய் நீ. நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சரி, வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சாயங்காலம் என் கையைப் பிடித்தாய். ஏதோ சொல்லப் போகிறாய் என்று காதைக் கொண்டுவந்து வாயருகே வைத்தேன். “மரத்துக்குத் தண்ணி ஊத்த மறந்துராதீங்க” என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மறுநாள் நீ இல்லை.

எனக்கு ஒரு வார்த்தை இல்லையா, கோமதி? ‘நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்றாவது சொல்லியிருக்கலாமே. முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவன் பக்கத்தில் நிற்கிறான், நீ மரத்தை நினைத்துக்கொண்டு போகிறாய். நானும் நாரத்தை மாதிரிதானோ, தானாக இருந்துகொள்வான் என்று விட்டுவிட்டாயோ என்று மனசுக்குள் புகைந்தேன். ஒரு மரத்தின்மேல் பொறாமை என்று யாரிடம் சொல்வது? வந்தவர்கள் எல்லாரும் நான் துக்கத்தில் வாய் திறக்கவில்லை என்று நினைத்தார்கள். துக்கமும் இருந்தது, அதோடு இதுவும் இருந்தது.

பதினாறு முடிந்து, கார்த்திகைக் கடைசியில் நம் பெண் மீனா என்னைத் தன்னோடு டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் தேவகியம்மாவிடம் சாவியைக் கொடுத்து, “நாரத்தைக்கும் எலுமிச்சைக்கும் தண்ணி விட்டுருங்க” என்றேன்.

“பீச்சுக்கோ சாரே?”

“அதுக்கு வேண்டாம்.”

சொன்னபோது என் முகம் எப்படி இருந்ததோ, அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

டெல்லியில் நீ ஆசைப்பட்ட குளிர் ரோடெல்லாம் கொட்டிக் கிடந்தது. மீனா எனக்கு மாப்பிள்ளையின் ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், குறை சொல்லக் கூடாது. ஆனால் மாப்பிள்ளை ஆபீசுக்கும் அவள் ஸ்கூலுக்கும் போன பிறகு நானும் ரேடியோவும்தான். ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்க்கும்போதெல்லாம் மரம் கண்ணில் வந்து நிற்கும். தேவகியம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் போதும். மேஜையில் கார்டு இருந்தது, பேனா இருந்தது. எழுதவில்லை. என் வீம்பு உனக்குத் தெரியாததா?

மாசிக் கடைசியில், போதும் என்று திரும்பி வந்தேன். பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான் போனேன். ஒரு இலை இல்லை. வெறும் குச்சியாக நின்றது. உயிர் இருக்கிறதா என்று பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

தேவகியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். “ஞான் தண்ணி விடாம்னு எத்ர தடவை நினைச்சு சாரே. சார்தானே வேண்டாம்னு பறஞ்சது” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொன்றவன் நான், அழுதது அவர்.

வாளியை எடுத்தேன். கை காய்த்துப்போகும் மட்டும் இறைத்து இறைத்து ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும். செத்ததற்கு ஊற்றுகிறோம் என்று தெரிந்தும் காலையும் மாலையும் ஊற்றினேன். “என்னை மன்னிச்சிரு” என்று வாய்விட்டே சொன்னேன். மரத்திடம் சொன்னேனா உன்னிடம் சொன்னேனா, தெரியவில்லை.

முந்தாநாள் காலையில் வாளியோடு போகிறேன். குச்சியெல்லாம் ரோஸ் நிறம்! இலை ஒன்றுகூட இல்லை, பூ மட்டும். அடுக்களையைப் பார்த்துத் திரும்பி, “ஏளா கோமதி! ஓடி வா! உன் மரம் பூத்துட்டு!” என்று கத்திவிட்டேன்.

கத்திவிட்டு, நீ கையைத் துடைத்துக்கொண்டு வருவாய் என்று நின்றேன். நிஜமாகவே நின்றேன். அடுக்களை வாசல் அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை. அப்புறம்தான் வாளியைக் கீழே வைத்தேன். நீ போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை கோமதி.

சத்தம் கேட்டுத் தேவகியம்மா ஓடி வந்தார். “ஆரை விளிச்சது சாரே?”

“யாரையுமில்ல. பூவைப் பாருங்க.”

அவர் பூவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் போனார்.

நேற்று விவசாய இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயரான என் சிநேகிதர் வந்தார். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர், நம்முடைய ஐஸ் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிள்ளைவாள், இது மலை மரம். இலையைக் கொட்டிட்டு ரெண்டு மாசம் தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். குளிர் இல்லாத ஊர்ல தண்ணியை நிறுத்தித்தான் தூங்க வைக்கணும். நீங்க வருஷம் பூரா ஊத்தினது போதாதுன்னு, காய வேண்டிய மாசத்துல ஐஸ் வேற வெச்சிருக்கீங்க. ஐஸ் கரைஞ்சா என்னவே? தண்ணிதானே! அதைத் தூங்கவே விடலியே!” என்றார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

நீ பதினாலு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தபோது வராத பூ, அது சாகட்டும் என்று நான் விட்டபோது வந்திருக்கிறது. இது என்ன நியாயம்? சந்தோஷப்படவும் வாய் வரவில்லை, வருத்தப்படவும் மனசு வரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த மனுஷர் பதினாலு வருஷத்துக்கு முன்னால் வந்து இதைச் சொல்லியிருந்தால் நமக்குப் பூ கிடைத்திருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்திருக்காது. எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் ஐஸைத்தான் கேட்பேன். நீ பூவைக் கேட்பாய், எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இப்போதுதான் யோசிக்கிறேன். டெல்லியிலிருந்து வந்த நாள்முதல் விடிந்ததும் எழுந்திருக்கிறேன், வாளியைத் தூக்குகிறேன், பசிக்கிறது, எதையோ வடித்துச் சாப்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நீ அதைச் சொன்னது மரத்துக்காகவா, எனக்காகவா? கேட்டால் பதில் சொல்லவா போகிறாய்.

மீனா திரும்ப வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். இப்போதைக்கு இல்லை என்று பதில் போட்டுவிட்டேன். பூவைப் பற்றி அவளுக்கு இன்னும் எழுதவில்லை. உனக்குத்தான் முதலில்.

வருகிற மார்கழியில் பீச்சுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன், இது சத்தியம். கை துறுதுறுக்கத்தான் செய்யும், அடக்கிக்கொள்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலைக் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போவேன். ஐஸ் வாங்கி வந்து நாரத்தைக்கு அடியில் பரப்புவேன், இத்தனை வருஷம் அதை யார் கவனித்தார்கள்? பூனைகள் வரும். கிணற்றுப் படியில் நீ உட்காரும் பக்கத்தை விட்டு நான் உட்கார்ந்துகொள்வேன்.

நீ பார்த்திருக்க வேண்டிய பூவை
நீ இல்லாமல் பார்த்துவிட்ட
உன் வீட்டுக்காரன்