ஈயம் உருக்கின பால் சட்டி

ஹார்லன்,

பீன்ஸ் அடுப்பு மேல இருக்கு. சோள ரொட்டியைத் துணியில சுத்தி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு. பேத்தி டெல்லாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன். வண்டிச் சாவியும் என்கிட்டதான் இருக்கு. பின்னாடி வராதே.

காலையில ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. டெல்லா ரத்தத்துல ஈயம் கலந்திருக்காம். "வீட்ல யாராவது ஈயம் உருக்குவாங்களா?"ன்னு நர்ஸ் கேட்டா. "என் புருஷன் குழாய்ல வெடிமருந்து திணிச்சுச் சுடுற துப்பாக்கிக்கு ஈயக் குண்டு வார்ப்பாரு, ஆனா எல்லாம் கொட்டகையிலதான்"னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

போனை வச்சுட்டுக் கொட்டகையில போய்ப் பார்த்தா, உன் இரும்புச் சட்டி விரிசல் விட்டு, தூசி படிஞ்சு கிடக்கு. அப்ப இத்தனை நாளா எதுல உருக்கின? அடுக்களைக்கு வந்து, பிள்ளைக்குப் பால் காய்ச்சுற சட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடி ஓரத்துல வெள்ளி மாதிரி ஒரு சொட்டு ஒட்டியிருக்கு.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவித்தானே ஆணியில மாட்டினேன்"னு சொல்லுவ. அதைத்தான் என்னால தாங்க முடியலை. கழுவாம போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

சனிக்கிழமை துப்பாக்கி சுடுற போட்டிக்குக் குண்டு கேட்டு வெண்டல் வருவான். டப்பா கொட்டகையில இருக்கு, கொடுத்துடு.

வெர்னா

இன்னொண்ணு. வார்த்த குண்டு ஒவ்வொண்ணையும் தராசுல வைப்ப. ஒரு நெல் எடை குறைஞ்சாலும் உள்ள குழி விழுந்திருக்குன்னு திரும்ப உருக்குவ. மூணு மாசமா டெல்லா எடை குறைஞ்சுக்கிட்டே வருது. தினமும் உன் மடியிலதானே உட்கார்ந்திருந்தா?